கம்பி கட்டாத ரேடியோ

அந்தக் கடையில் இருந்ததிலேயே விலை கூடிய ரேடியோ அது. அதைத்தான் வாங்கினேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. ஈப்போ பக்கம், லகாட்டைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ரப்பர் தோட்டம். இரண்டு பக்கமும் சுண்ணாம்புக்கல் மலை. நடுவில் பள்ளம். பள்ளத்தில் லயம், தொழிலாளர் வரிசை வீடுகள். நானும் என் மனைவியும் பால்வெட்டு வேலை. அடுத்தடுத்த மர நிரை. வெட்டும்போது அவள் பாடுவாள். கேட்டால், "கொசுவுக்குப் பாடுறேன், கடிக்காம கேட்டுக்கிட்டு இருக்கும்" என்பாள். மரங்களுக்கு நடுவே ஆள் தெரியாது. பாட்டு வரும் பக்கத்தை வைத்து அவள் எந்த மரத்தில் நிற்கிறாள் என்று சொல்லிவிடுவேன்.

லயத்தில் எங்களிடம் ரேடியோ இல்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வீட்டில் ஒன்று இருந்தது. சின்னது. ஞாயிற்றுக்கிழமை பாட்டு வைப்பார்கள். நாங்கள் சன்னலுக்கு வெளியே நின்று கேட்போம். அப்படித்தான் எல்லோரும் கேட்டார்கள். அது பெரிய விஷயமாக எனக்குத் தெரியவில்லை, ஒரு நாள் வரைக்கும்.

அன்று மழை. நான் போகவில்லை, அவள் போயிருந்தாள். சாரல் அடித்ததால் வாசல் படியில் ஏறியிருக்கிறாள். கிராணியின் சம்சாரம், கிராணியம்மா என்போம், உள்ளே இருந்து சொன்னாராம்: "அங்கேயே நில்லுலா. பால் நாத்தம் வீட்டுக்குள்ள வருது."

இவள் கீழே இறங்கி மழையில் நின்று மிச்சப் பாட்டையும் கேட்டுவிட்டு வந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள். ஒரே வரிதான். குளித்துவிட்டுத்தான் போயிருந்தாள். அது எனக்குள் கிடந்தது.

அடுத்த வருடம் வானொலியிலிருந்து ஒரு வேன் வந்தது. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடத் தெரிந்தவர்களைப் பதிவு செய்தார்கள். எங்கள் தோட்டத்தில் பள்ளிக்கூடத்தில் வைத்துச் செய்தார்கள். ஏழெட்டுப் பேர் பாடினார்கள். என் மனைவி தாலாட்டுப் பாடினாள். காதில் கருவி மாட்டியிருந்த தம்பி, "அக்கா, இன்னொரு தடவ பாடுங்க" என்றார்.

"தப்பாப் பாடிட்டேனா தம்பி?"

"தப்பு இல்லக்கா. எனக்கு இன்னொரு தடவ கேக்கணும்."

அவள் சிரித்துக்கொண்டு திரும்பப் பாடினாள். முடித்ததும், "இப்ப அதைப் போட்டுக் காட்டுவீங்களா?" என்று கேட்டாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு தோட்டம் போக வேண்டுமாம். "ரேடியோவுல கேளுங்கக்கா. தீபாவளி கழிச்சு வர்ற ஞாயித்துக்கெழம, மூணு மணிக்கு" என்றார்.

திரும்பி வரும் வழியில், செம்மண் சடக்கில் நின்றுவிட்டாள்.

"என் குரல் வெளியில இருந்து கேட்டா எப்படி இருக்கும்?"

"நல்லா இருக்கும்."

"நீங்க சொல்வீங்க. நான் கேக்கணும்."

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இதுவும் என்னிடம் கேட்டதல்ல. சொன்னாள், அவ்வளவுதான். நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவள் பாட்டை அவள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பாள். எவன் வீட்டுச் சன்னலுக்கும் போக மாட்டாள்.

எங்களிடம் ஒரு பசு இருந்தது. அவள் கன்றாக வாங்கி வளர்த்தது. அதை விற்கலாமா என்று நான் கேட்கவே கூச்சப்பட்டேன். அவளே சொன்னாள்: "பாட்டு ஒரு தடவதான் வரும். மாடு அப்புறம் வாங்கிக்கலாம்." புந்தோங் பால்காரர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். அப்புறம் நாங்கள் மாடு வாங்கவே இல்லை.

ஏன் விலை கூடியதாக வாங்கினேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த சாமான் பால்வெட்டுக் கத்தி. தோட்டத்தில் கொடுக்கும் கத்தி இரண்டு நாளில் மழுங்கும். பட்டை பிய்யும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மரத்தைப் பார்த்துவிட்டுத் திட்டுவார். நான் ஈப்போவில் நல்ல கத்தி, விலை கூடிய கத்தி, சொந்தமாக வாங்கி வைத்திருந்தேன். அது வருடக்கணக்கில் வெட்டியது. காசு கூடக் கொடுத்தால் சாமான் சொன்ன வேலையைச் செய்யும். இதுதான் என் படிப்பு. ரேடியோவுக்கும் அதையே நினைத்தேன்.

ஈப்போவில் பெரிய கடை. கடை முதலாளி தவ்கே கொஞ்சம் தமிழ் பேசுவார். மேல்தட்டில் ஒன்றைக் காட்டினார். மரப்பெட்டி. பளபளவென்று முன்பக்கம். பித்தளை நிறத்தில் நாலு திருகு.

"அண்ணே, இது ஜெர்மன் சாமான். நம்பர் ஒன்லா."

"எங்க தோட்டம் மலைக்கு நடுவுல இருக்கு தவ்கே. எடுக்குமா?"

"மலை என்னாலா? கடலுக்குள்ள போட்டாலும் பாடும்."

"கூரையில கம்பி கட்டணுமா?"

"கம்பி சின்ன ரேடியோவுக்கு. இதுக்கு உள்ளேயே இருக்கு. பாருங்க." பின்னாலிருந்து ஏரியலை இழுத்தார். என் கை நீளம் வந்தது.

திருகினார். தமிழில் ஒரு பெண் செய்தி வாசித்தார். அந்தப் பெண் கடைக்குள் நின்று பேசுவது மாதிரி இருந்தது. மூச்சு விடுவதுகூடக் கேட்டது. இப்படித்தான் என் மனைவி பாடுவது கேட்கும் என்று நினைத்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர், "அண்ணே, அதுக்கும் ஒரு டிக்கெட் எடுக்கணும்லா, சீட்டுல ஒக்காந்திருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் அவள் மேசைக்குத் துணி விரித்து வைத்திருந்தாள். ரேடியோவுக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள். எலுமிச்சம்பழம் சுற்றிக் கற்பூரம் காட்டினாள். அக்கம்பக்கத்தார் வாசல் வரை நின்றார்கள். நான் திருகினேன்.

உஸ்ஸென்று சத்தம். முள்ளை நகர்த்தினேன். மலாய் செய்தி வந்தது. அதன் மேலேயே சீனப் பாட்டு ஒன்று ஏறியது. இரண்டுக்கும் அடியில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி, தமிழ். என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. ஏரியலை இழுத்தேன். சாய்த்தேன். பெட்டியைத் திருப்பினேன். உஸ்ஸென்ற சத்தம்தான் கூடியது.

எதிர் வீட்டுக்காரன் எனக்கு மச்சான் முறை. வாய் சும்மா இருக்காது. "மச்சான், மீன் வாங்கிட்டு வந்தியா? பொரியிற சத்தம் நல்லா வருது" என்றான். கூட்டம் சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "புது சாமான். பழகணும்" என்றாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் வேலைக்குப் போகாமல், அன்றைய பேர், அன்றைய கூலி, போனாலும் போகட்டும் என்று, ரேடியோவைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தவ்கே அதைப் பழைய தட்டிலேயே வைத்தார். பின்னால் கையை விட்டு ஏதோ செய்தார். திருகினார். பாடியது. அன்றைக்கு மாதிரியே தெளிவாக.

"பார். பாடுதுலா. நீ சரியாத் திருகல."

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுபடியும் உஸ். இன்னொரு நாள் போனேன். கடையில் பாடியது. தவ்கேக்குக் கோபம் வந்தது. "ரேடியோ நல்ல ரேடியோ. ஒன் எஸ்டேட்தான் சரியில்லலா. நான் என்னா செய்ய?" கடையில் சாமான் வாங்க வந்திருந்த ஒரு தமிழர், காலில் சப்பாத்து போட்டவர், என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, அந்தப் பெரிய திருகு, அதை வலது பக்கமாத் திருப்பணும்." நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குச் செத்துப் போகலாம் போல இருந்தது.

தீபாவளி வந்தது, போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் ஒரு சுருள் கம்பியோடு வந்தான்.

"மச்சான், கம்பி கட்டிப் பாப்போம். கிராணி வீட்டுல பாரு, கூரைக்கு மேல எவ்ளோ நீளத்துக்கு ஓடுது. அதான் எடுக்குது."

"அது அம்பது வெள்ளி ரேடியோ. அதுக்குக் கம்பி வேணும். இதுக்கு எதுக்குடா?"

"பாடுதா?"

"பாடும்."

"நீ சொன்னா பாடுமா? கட்டிப் பாக்குறதுல என்னா போச்சு?"

"போடா, வேலையப் பாரு."

போய்விட்டான். கம்பியையும் எடுத்துக்கொண்டு போனான். ஜெர்மன் சாமானின் முதுகில் வேலிக் கம்பியைக் கட்டினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அதுதான் அன்றைக்கு என் யோசனை. வெட்கமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

இரண்டரை மணிக்கு லயத்துப் பெண்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். அவள் தீபாவளிச் சேலையைக் கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, படம் எடுக்க உட்கார்ந்தவள் மாதிரி. நான் ரேடியோ முன் குந்தியிருந்தேன். காலையிலிருந்து குந்தித்தான் இருந்தேன். முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிராணி வீட்டு வேலைக்காரப் பெண் ஓடி வந்தாள்.

"அக்கா, கிராணியம்மா ஒங்களக் கூப்புட்டாங்க. உள்ள வந்து ஒக்காரச் சொன்னாங்க. ஆரம்பிக்கப் போவுதாம்."

உள்ளே வந்து உட்காரச் சொன்னாராம். அன்று மழையில் படியை விட்டு இறக்கிய அதே கிராணியம்மா.

அவள் எழுந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இரு. வந்துடும்."

"என்னங்க, நேரமாச்சு."

"இருன்னு சொல்றேன்ல."

அவள் உட்கார்ந்தாள். நான் கையை விடவில்லை. ஒரு கையில் அவள் கை, ஒரு கையில் திருகு. அறையில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அக்கா, தோ வந்துர்றேன்" என்று ஒருத்தி நழுவினாள். பிறகு இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம்.

கிராணி வீடு இருநூறு அடி தூரம். நடந்தால் இரண்டு நிமிடம்கூட ஆகாது.

நடுவில் ஒரு தடவை, கண் இமைக்கிற நேரம், ஒரு பெண்ணின் குரல் வந்தது. அவள் முன்னால் குனிந்தாள். உடனே சீன மேளம் வந்து அதை மூடிவிட்டது.

"அது நானா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடம் மரத்துக்கு மரம் கேட்ட குரல். தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். "அக்கா! பாடிட்டீங்கக்கா! ஒங்க பேரு சொன்னாங்க, தோட்டத்துப் பேரு சொன்னாங்க!" அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். அவள் எழுந்து உள்ளே போனாள். சேலையை மாற்றிக்கொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அன்று தண்ணீர் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தது.

அதற்குப் பிறகு சில வாரம் அவள் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டாள். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது, குழாயடியில், கோயிலில். "எப்படி இருந்துச்சு?" ஒருத்தி, சினிமாப் பாட்டு மாதிரி இருந்தது என்றாள். ஒருத்தி, சின்னப் பெண் பாடுவது மாதிரி இருந்தது என்றாள். ஒருத்தி அழுகை வந்துவிட்டது என்றாள், அவளுக்கு எதற்கெடுத்தாலும் அழுகை வரும். கிராணியம்மா ஆபீஸ் வாசலில் பார்த்துச் சொன்னார்: "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒன் குரல் மாதிரியே இல்லடி."

மறுநாள் நிரையில் என் பக்கம் வந்து நின்றாள். கையில் கத்தி.

"என் குரல் மாதிரி இல்லன்னா, அப்ப யாரு குரல் மாதிரி இருந்திருக்கும்?"

நான் மரத்தில் கட்டிய மங்கில் வழியும் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிரையில் அவள் பாட்டு குறைந்தது. நிற்கவில்லை. குறைந்தது.

ரேடியோவைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று கடைக்குப் போனேன். இந்தத் தடவை கத்தினேன். என் வாழ்க்கையில் கடையில் நின்று கத்தியது அன்றைக்குத்தான். தவ்கே, "வித்த சாமான் வித்ததுதான்லா" என்று சொல்லிவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போனார். கடைக்குப் பின்னால் ரேடியோ பழுது பார்க்கும் தமிழர் ஒருவர் இருந்தார். அவர் எழுந்து வந்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இங்க வாங்க."

பின் சந்துக்குக் கூட்டிப்போய் மேலே கையைக் காட்டினார். கடைக் கூரையில் இரண்டு கம்பம். நடுவில் நீளமாகக் கம்பி. அதிலிருந்து ஒரு வயர் சுவர் வழியாக இறங்கி உள்ளே போனது.

"அது நேரா அந்தத் தட்டுக்குப் பின்னால வருது. காட்டுற ரேடியோவுல சொருவிடுவாரு. ரொட்டி டின்னுல சொருவினாலும் பாடும்லா."

"அப்ப நான் குடுத்த விலை எதுக்கு?"

"பெட்டிக்கு. சத்தத்துக்கு. ஸ்டேசன் வந்தாத்தானே அதெல்லாம். ஒங்க எடத்துல எதை வச்சாலும் கம்பி வேணும்ணே. ஒங்களுக்கு யாரும் சொல்லலயா?"

சொன்னான் ஒருத்தன். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அவர் தன்னிடம் இருந்த கம்பியில் கொஞ்சம் வெட்டிச் சும்மா கொடுத்தார். வீட்டுக்கு வந்து கூரையிலிருந்து பக்கத்துப் பாக்கு மரத்துக்கு இழுத்துக் கட்டினேன். முனையை ரேடியோவின் பின்னால் இருந்த ஓட்டையில் சொருகினேன். அந்த ஓட்டை முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. திருகினேன். கடையில் பாடியது போலவே பாடியது. மூச்சுக்கூடக் கேட்டது.

மச்சான் எதிர் வாசலில் நின்று பார்த்தான். அவன் கேலி செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

என் மனைவி அடுப்படியில் இருந்தாள். "கேக்குதா?" என்றேன். "கேக்குது" என்றாள். வெளியே வரவில்லை.

ஈப்போவில் வானொலி ஆபீஸ் எங்கே என்று விசாரித்து அங்கேயும் போனேன். ஒரு அம்மா வாசலுக்கு வந்து பொறுமையாகக் கேட்டார். "அந்த டேப்புல இந்நேரம் வேற பதிஞ்சிருப்பாங்கண்ணே. டேப்ப வச்சுக்கிட்டு இருக்க மாட்டாங்க" என்றார். எந்த ஊர், என்ன பாட்டு என்று கேட்டார். சொன்னேன். "நான் கேட்டேன்னு நெனைக்கிறேன். நல்லா இருந்துச்சு" என்றார். இதை நான் வீட்டில் சொல்லவில்லை. எல்லோரும் கேட்டிருக்கிறார்கள் என்று அவளிடம் இன்னொரு தடவை எதற்குச் சொல்ல?

எண்பதுகளில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். நாங்கள் ஈப்போ டவுனில், புந்தோங்கில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். எனக்குத் தொழிற்சாலையில் ஜாகா வேலை, கேட்டில் உட்கார்ந்திருப்பது. அவளுக்குக் கேண்டீனில். ரேடியோவும் லாரியில் வந்தது. புந்தோங்கில் அதற்குக் கம்பி வேண்டியதில்லை. ஏரியலைக்கூட இழுக்க வேண்டியதில்லை. மேசையில் வைத்துத் திருகினால் பாடும்.

அது டவுன் ஆட்களுக்குச் செய்த சாமான். செய்தவன் எங்கள் பள்ளத்தைக் கண்டதில்லை. ஆனால் பள்ளத்து ஆளிடம் விற்கும்போது விலையில் ஒரு காசு குறைக்கவில்லை. இதை நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். தவ்கே கடல் என்று சொன்னது, பின்னால் வயரைச் சொருகியது, எல்லாம் சொல்வேன். நன்றாகச் சொல்லப் பழகிவிட்டேன். கேட்கிறவர்கள் தவ்கேயைத் திட்டுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவில் குடியிருந்த ஒருவர் வந்து ரேடியோவை விலைக்குக் கேட்டார். பழைய மரப்பெட்டிக்கு மதிப்பு உண்டு என்றார். கொடுக்க மாட்டேன் என்றேன். கதையைச் சொன்னேன். அவரும் திட்டிவிட்டுப் போனார். அவள் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன வருசமா அந்தக் கடக்காரன ஏசிக்கிட்டே இருக்கீங்க" என்றாள்.

"பொய் சொல்லித்தானே வித்தான்."

"ஆமா. வித்தான்." இரண்டு வெங்காயம் உரித்தாள். "கிராணியம்மா உள்ள வந்து ஒக்காரச் சொன்னாங்க. நான் எந்திரிச்சேன். ஏன் என் கையப் புடிச்சீங்க?"

"ரேடியோ எடுத்துடும்னு நெனச்சேன்."

"ரேடியோவ விடுங்க. கை ஒங்களோடதுதானே."

அவள் சத்தம் போடவில்லை. சாப்பிட வாங்க என்று கூப்பிடுகிற அதே குரல்தான். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் எழுந்து போய் ரேடியோவை நிறுத்தினேன். அது வரை அது பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. யார் பாடினார்கள் என்று கவனிக்கவில்லை.

அவள் இருக்கும்போது இப்போது நான் கடைக்காரனைத் திட்டுவதில்லை.